தொலைந்த அழைப்பைத் தேடிய ரோஸ்லின்

கடந்த வியாழக்கிழமை காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் பேருந்தை விட்டு இறங்கி அலுவலகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஓர் ஆம்புலன்ஸ் சேவையில் போன் எடுக்கும் கஸ்தூரியிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்குப் பின்னால் பல குரல்கள் யார் யாரிடமோ முகவரி கேட்டுக்கொண்டிருந்தன. பணியிடத்திலிருந்துதான் பேசுகிறார் என்று புரிந்தது.

"பிரபு சார், ரோஸ்லின் அக்கா போய்ட்டாங்க. அவங்க ஊட்டுக்காரர் இப்பத்தான் சொன்னாரு. ஆபீஸ்ல நீங்க சொல்லிடுங்க. என்னால இன்னொரு தபா சொல்ல முடியாது."

சாலையோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ரோஸ்லினுக்குச் சிறுநீரகக் கோளாறு முற்றியிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போன வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொரு மேசையாக நின்று சொன்னேன். கணினிகளை அணைத்துவிட்டு ஆவடிக்குப் புறப்பட்டோம்.

ரோஸ்லின் தனபால் எங்கள் நிறுவனத்தில் மென்பொருள் எழுதியவர். ஐம்பது வயதைத் தொடவில்லை. ஆவடியில் பிறந்து, ஆவடியிலேயே மணம் முடித்து, கடைசிவரை அங்கிருந்தே மின்சார ரயிலில் வேலைக்கு வந்தார். கணவர் தனபால் பட்டாபிராமில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். மகள் ஷாலினி கல்லூரியில் படிக்கிறார். பழகியவர்கள் ரோஸ்லினைக் கண்டிப்பானவர் என்பார்கள். சண்டைக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் சோதனைப் பிரிவில் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே மூத்தவர். வேகமாக எழுதுவார். எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அப்போது அவருக்கு அதிகம் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது. கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் எங்கள் மேலாளர் சந்தானம் சார்கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

எங்கள் கையில் இருந்த பெரிய வேலை, ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவைக்கான மென்பொருள். பூந்தமல்லியில் அதன் கட்டுப்பாட்டு அறை. போனை எடுப்பவர்கள் பெயர், முகவரி, நோய் விவரத்தைப் பதிவு செய்வார்கள். எல்லாப் பதிவுகளும் கணினியின் நினைவில் உள்ள ஒரே காத்திருப்புப் பட்டியலில் போய்ச் சேரும். அதிலிருந்து நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, அருகில் காலியாக உள்ள வண்டியை அனுப்பும். அந்தப் பட்டியலை எழுதியவர் ரோஸ்லின். கஸ்தூரி அங்கே போன் எடுத்தவர்களில் ஒருவர், மாங்காட்டுக்காரர்.

ஒரு நாள் காலை மாங்காட்டிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். கணவருக்கு நெஞ்சுவலி. கஸ்தூரி விவரத்தைப் பதிந்து, வண்டி வருகிறது என்று சொல்லி வைத்தார். வண்டி வரவில்லை. அந்த அம்மா திரும்ப அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். அப்படி ஒரு பதிவே இல்லை என்றார். அவசரமாக இன்னொரு வண்டியை அனுப்பினார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

கஸ்தூரியை இடைநீக்கம் செய்தார்கள். போனில் பேசிய குரல் பதிவாகியிருந்தது. பேசியதை யாரும் மறுக்கவில்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. விசாரணைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நான், சந்தானம் சார், ரோஸ்லின் மூவரும் போனோம். கஸ்தூரி சுவரோரமாக நின்றிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை.

"நான் அமுக்குனேன் சார். எங்க அம்மா மேல சத்தியமா அமுக்குனேன். ஸ்க்ரீன்ல பச்சையா வந்துச்சி. அப்பால இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியாது."

சேமித்துவிட்டதைக் காட்டும் பச்சை வந்திருந்தால் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லை என்றால் பச்சையே வந்திருக்காது என்று சந்தானம் சார் அவர்களுக்கு விளக்கினார். நியாயமான விளக்கம்தான். அங்கிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். ரோஸ்லின் மட்டும் ஆட்டவில்லை. கஸ்தூரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "அந்தப் பொண்ணு பொய் சொல்லல, பிரபு. பச்சைன்னு கலர் முதற்கொண்டு சொல்லுது. நாம போய்ப் பார்க்கலாம்," என்றார்.

பார்த்தோம். எங்கள் பழைய சோதனைகள் எல்லாம் ஒரு பதிவு முடிந்த பிறகு அடுத்த பதிவு என்று நடந்தவை. அவற்றில் எதுவும் தொலையவில்லை. ரோஸ்லின் வேறு மாதிரி கேட்டார். பல பேர் ஒரே கணத்தில் அழுத்தினால்? நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகளை எங்கள் தொழிலில் த்ரெட் என்போம். ஏராளமான த்ரெட்டுகளை உருவாக்கி, எல்லாவற்றையும் அந்த ஒரே பட்டியலில் ஒரே சமயத்தில் எழுத விட்டேன். முடிந்ததும் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். போட்டதைவிடக் குறைவாக இருந்தது. திரும்ப ஓட்டினேன். இந்த முறை எல்லாம் இருந்தன. மறுபடி ஓட்டினேன். மீண்டும் குறைந்தது. எங்கேயும் பிழைச்செய்தி இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பச்சை வந்திருந்தது.

நடந்தது இதுதான். பட்டியலில் ஒன்றைச் சேர்க்க, முதலில் அடுத்த காலியிடம் எது என்று நிரல் பார்க்க வேண்டும். பிறகு அங்கே எழுத வேண்டும். இரண்டு த்ரெட்டுகள் ஒரே கணத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே இடம்தான் காலியாகத் தெரியும். இரண்டும் அங்கேயே எழுதும். பின்னால் எழுதியது நிற்கும். முன்னால் எழுதியது இருந்த சுவடே இருக்காது. மாங்காட்டு அழைப்பின் மேல் இன்னொருவரின் அழைப்பு விழுந்திருந்தது.

ரோஸ்லின் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"இது நான் எழுதினது," என்றார்.

மறுநாள் சந்தானம் சாரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சார் சொன்னது பிறகு எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம், இதை வெளியே சொன்னால் நிறுவனமே இருக்காது என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் எல்லாருடைய சம்பளத்தையும் தலையில் சுமந்துகொண்டிருந்தவர். ரோஸ்லின் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானே பூந்தமல்லிக்குப் போய்ச் சொல்லப் போவதாகவும், சார் கூட வந்தால் நல்லது, வராவிட்டாலும் போவேன் என்றும் சொல்லியிருக்கிறார். சார் போனார்.

அதே அறை, அதே ஆட்கள். ரோஸ்லின் நின்றுகொண்டே பேசினார். அழைப்பைத் தொலைத்தது நிரல், நிரலை எழுதியது தான், கஸ்தூரி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்றார். எங்கள் ஒப்பந்தம் அப்போதே கைவிட்டுப் போயிருக்கலாம். வேறு ஆளைத் தேட நேரமில்லாததால் கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். கஸ்தூரியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அவரிடம் வேறு யாரும் மன்னிப்பு கேட்கவில்லை, ரோஸ்லின் மட்டும் கேட்டார்.

அங்கிருந்து நேராக மாங்காட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். இறந்தவரின் மனைவி சரோஜா அம்மா கதவைத் திறந்தார். யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. உள்ளே வரச் சொல்லவில்லை. ரோஸ்லின் வாசலில் நின்றபடியே எளிமையாகச் சொன்னார்: நீங்கள் அழைத்தீர்கள், அந்தப் பெண் சரியாக எழுதினார், நான் எழுதிய நிரல் அதை அழித்துவிட்டது. அந்த அம்மா அடிக்கக் கை ஓங்கினாலும் ரோஸ்லின் விலகியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

சரோஜா அம்மா கேட்டது ஒன்றுதான். "அப்ப போன்ல பேசுன பொண்ணு ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லம்மா."

"நான் தெனமும் அவளைத் திட்டிக்கினு கீறேன். சாமி கும்புடுறப்ப கூட."

சொல்லிவிட்டு அவர் நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். ரோஸ்லினும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகுதான் நாங்கள் அறிந்த சண்டைக்கார ரோஸ்லின் உருவானார். பட்டியலுக்கு நிரலுக்குள்ளேயே ஒரு பூட்டுப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடக்கூடிய வகைக்கு மாற்றினோம். நான் எத்தனை முறை சோதித்தும் எதுவும் தொலையவில்லை. சந்தானம் சார் வேலை முடிந்தது என்றார். ரோஸ்லின் முடியவில்லை என்றார். பட்டியல் பத்திரம்தான், ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் பத்திரமில்லை என்பது அவர் வாதம். எந்த வண்டி காலி என்று ஒரு த்ரெட் பார்க்கிறது. பிறகு அந்த வண்டியை எடுத்துக்கொள்கிறது. பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே இன்னொரு த்ரெட் வந்து அதே வண்டியைக் காலி என்று பார்த்துவிட்டால்?

"பார்க்கிறதும் எடுக்கிறதும் ஒரே பூட்டுக்குள்ள நடக்கணும் சார். தனித்தனியா ரெண்டும் சரியா இருந்து பிரயோஜனம் இல்ல."

அதற்கு வண்டி ஒதுக்கும் பகுதி முழுவதையும் திருத்தி எழுத வேண்டும். வேகமும் குறையும். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், மழைக்காலம் முடியட்டும் என்றார் சார். அழைப்புகள் ஒரே நேரத்தில் குவியும் மழைக்காலம்தான் பயம் என்றார் ரோஸ்லின். வாரக்கணக்கில் இது ஓடியது. அந்த நாட்களில் யார் எதை எழுதினாலும் பின்னால் வந்து நின்று, "இதை இன்னும் யாரெல்லாம் தொடுறாங்க?" என்று கேட்பார். அவர் வருவதைப் பார்த்துத் தேநீர் குடிக்க எழுந்து போனவர்கள் உண்டு.

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவித்த அன்று காலை, ரோஸ்லின் என்னைக் கூப்பிட்டு, பூந்தமல்லிக்குப் போவோம் என்றார். யாரும் அனுப்பவில்லை. முழங்கால் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு போன்கூடச் சும்மா இல்லை. ரோஸ்லின் யாரோடும் பேசாமல் பெரிய திரைக்கு முன்னால் நின்றுகொண்டார். எந்த அழைப்புக்கு எந்த வண்டி என்பது அதில் வரிசையாக ஓடும். நண்பகல் இருக்கும். மாங்காட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி; குமணன்சாவடியில் நின்ற வண்டி அவருக்கு ஒதுக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கிடங்கில் காவலாளியைப் பாம்பு கடித்திருந்தது. அவருக்கும் அதே குமணன்சாவடி வண்டிதான் ஒதுக்கப்பட்டது. இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நின்றன. இரண்டுக்கும் பச்சை.

ரோஸ்லின் போனை எடுத்து அந்த ஓட்டுநரை அழைத்தார். அவர் ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாங்காடு பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. பின்னால் வந்த உத்தரவுதான் அவர் போனில் நின்றிருந்தது.

வண்டிகளைத் தானாக ஒதுக்கும் பகுதியை நிறுத்தினால் சேவையே நின்றதாக அர்த்தம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். ரோஸ்லின் கணினிக்குப் போய் அதை நிறுத்தினார். பிறகுதான் சந்தானம் சாரை அழைத்தார். அவர் குரல் எனக்கே கேட்டது. தொடாதே, நான் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"நிறுத்திட்டுத்தான் சார் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் இருந்ததை அழித்துவிட்டு, காலியாக உள்ள வண்டிகளை என்னை எழுதச் சொன்னார். பேனாவைக் கஸ்தூரியிடம் நீட்டினார். போன் எடுப்பவர்கள் விவரத்தைக் கேட்டு உரக்கச் சொல்ல வேண்டும். வண்டி கொடுப்பது கஸ்தூரி மட்டும். கொடுத்த வண்டியை உடனே அழிக்க வேண்டும். வேறு யாரும் பலகையைத் தொடக் கூடாது.

கஸ்தூரி பேனாவை வாங்கவில்லை. "வேணாம்க்கா. இதுல ஒண்ணு தொலைஞ்சா மறுபடியும் என்னைத்தான் சொல்லுவாங்க."

"தொலைஞ்சா என் பேரைச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கப்போறேன்."

கஸ்தூரி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டார்.

மாங்காட்டுப் பெண்ணுக்கு அய்யப்பன்தாங்கலில் இருந்த வண்டியைக் கொடுத்தார். சாலையில் தண்ணீர், ஆள் இறங்கி முன்னால் நடந்தால்தான் பள்ளம் தெரியும் என்றார் அதன் ஓட்டுநர். இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் மாமியார் போனில் அழுதுகொண்டிருந்தார். கஸ்தூரி அடுத்தடுத்த வண்டிகளைக் கொடுத்துக்கொண்டே, காதை மட்டும் அந்தப் போனின் பக்கம் வைத்திருந்தார். ரோஸ்லின் சுவரில் சாய்ந்து நின்றார். கடைசியில் ஓட்டுநரின் குரல் வந்தது. "ஏத்தியாச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

காவலாளியையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். மழை விட்டு, போன்கள் ஓயும் வரை கஸ்தூரி பேனாவை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அன்று ஒரு அழைப்பும் தவறவில்லை. சிலருக்கு வண்டி வழக்கத்தைவிடத் தாமதமாகப் போனது, ஆனால் எல்லாருக்கும் போனது.

அனுமதியில்லாமல் நிறுத்தியதற்கு ரோஸ்லினிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். சந்தானம் சார் அந்த வாரமே ஒதுக்கும் பகுதியைத் திருத்தி எழுத அவருக்கு ஆட்களைக் கொடுத்தார். பார்ப்பதும் எடுப்பதும் ஒரே பூட்டுக்குள் போயின. கொஞ்சம் மெதுவாகிவிட்டதே என்று யாரோ குறைப்பட்டபோது, "ஒரே வண்டியை ரெண்டு பேருக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா, ஒருத்தரைக் கொஞ்சம் காக்க வைக்கலாம்," என்றார் ரோஸ்லின். சந்தானம் சார் சிரித்துவிட்டார். அந்த வருடத்தில் நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு அது.

உடல்நிலை அதற்குப் பிறகுதான் கெட்டது. கால்கள் வீங்கின. ரயில் படியேற முடியாமல் போனது. வீட்டிலிருந்து வேலை பார்த்தார். மருத்துவமனையில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, அந்தத் திருத்தத்துக்குப் பிறகு இன்றுவரை ஓர் அழைப்புகூடத் தொலையவில்லை என்றேன்.

"நமக்குத் தெரிஞ்சு," என்றார்.

தொலைந்தது சத்தம் போடாது, அதனால் பூந்தமல்லிக்கு அடிக்கடி போய் அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள் என்றார். பிறகு ஷாலினியின் படிப்பைப் பற்றிப் பேசினார். சரோஜா அம்மா முந்தின நாள் வந்து, கஞ்சி கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அதை அவர் எந்தப் பெருமையும் இல்லாமல், கொஞ்சம் வியப்போடுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆவடி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சந்தானம் சார் கடைசிவரை தனபால் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரோஜா அம்மாவை யாரோ கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து, ஒவ்வொருவராக மண் போட்டோம். நான் போட்டுவிட்டு விலகினேன்.

கஸ்தூரி பணி முடித்துச் சீருடையோடு ஓடி வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினார். ஈர மண். கையை நீட்டினார், விரல்கள் திறக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஷாலினி வந்து அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அப்போதும் கஸ்தூரி மண்ணைப் போடாமல், குழிக்குள் பார்த்து, "நான் இங்கதான் நிக்கிறேன்க்கா, நீ போய்ட்டு வா," என்றார். பிறகு மெதுவாக விரல்களைத் திறந்தார்.

எங்கள் எல்லாருக்கும் சேர்த்து கஸ்தூரி சொல்லிவிட்டார், ரோஸ்லின் மேடம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.